பெறுநர் யார்?

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை வகுப்பறையில் நடத்தாத தமிழாசிரியர் இல்லை. அதனைக் கேட்டு நெஞ்சு பதைக்காத மாணவரும் இல்லை. ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி அரண்மனை வாயிலில் வந்து நின்ற கண்ணகி, பொன்னும் பொருளும் கேட்டு வரவில்லை. தன் கணவன் எதனால் கொல்லப்பட்டான் என்பதற்கு விடை கேட்டு வந்தாள். அவ்வேளையில் பாண்டியனுக்குத் தப்பிக்கொள்ள வழியா இல்லை? பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், வாளை ஓங்கியவன் காவலன். இருவரில் ஒருவனைச் சுட்டிக்காட்டி, அவனைத் தண்டிப்பதாகக் கூறி அவளை அனுப்பியிருக்கலாம். நெடுஞ்செழியன் அப்படிச் செய்யவில்லை. குற்றம் தன் ஆட்சியினுடையது என்று ஏற்றான்; ஏற்ற இடத்திலேயே உயிரையும் துறந்தான்.

அரசு பொறுப்புக் கூறுவதற்கு மூன்று வேண்டும் என்பதை இக்காட்சி நமக்குக் காட்டுகின்றது. முறையிட ஒரு வாயில் வேண்டும். வாயிலின் உள்ளே கேட்பவர் ஒருவர் வேண்டும். கேட்டவர் பழியைப் பிறர் தலையில் இறக்கிவைக்காதிருத்தல் வேண்டும். நம் மலையகத்துத் தோட்டங்களில் உளநோயாளர் ஒருவர், அரசாங்கம் அளிக்க வேண்டிய கவனிப்புக் கிட்டாமல் இறந்துபோனால், அவர் வீட்டாருக்கு இம்மூன்றும் உண்டா? இதுவே நான் ஈண்டு எழுப்ப விரும்பும் கேள்வி.

இக்கேள்விக்குள் புகுமுன், தமிழ் மக்கள் மறக்கலாகாத ஒரு விடியற்காலையை நினைவூட்டுதல் நலம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆம் நாள். இடம் தமிழகத்து இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடி. நம் தோட்டங்களில் வாழும் பலருடைய பாட்டனும் பூட்டனும் புறப்பட்டு வந்த சீமைகளுள் அதுவும் ஒன்று. ஏர்வாடித் தர்காவை நாடி, சித்தம் கலங்கியவர்களை மதபேதமின்றி மக்கள் அழைத்துவருவர். அந்த நம்பிக்கையைச் சார்ந்து, தர்காவைச் சுற்றித் தனியார் பலர் ‘மனநலக் காப்பகம்’ என்ற பெயரில் கொட்டகைகள் நடத்தினர். அத்தகைய காப்பகம் ஒன்றில் அன்று அதிகாலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களுள் மிகப் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியிருந்தும் ஓடக் கால்கள் இல்லை. 28 பேர் மாண்டனர்.

காப்பகத்தை நடத்தியவர் கைதானார். அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் 2007ஆம் ஆண்டு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொற்கொல்லன் தண்டிக்கப்பட்டான் என்று சொல்லலாம். ஆனால் செய்தி அத்துடன் முடியவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. உளநோயாளரை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் அரசின் உரிமம் பெற வேண்டும் என்று கூறும் சட்டம் இந்தியாவில் 1987இல் இயற்றப்பட்டு, 1993இல் நடைமுறைக்கும் வந்திருந்தது. அப்படியிருக்க, ஏர்வாடிக் கொட்டகைகள் ஊரறிய நடந்துவந்தன. உரிமத்தைச் சோதிக்க வேண்டியவர் யார்? சங்கிலியைக் கண்டும் காணாதவர் யார்? மாநிலத்தின் அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்க, இராமநாதபுரத்து ஏழை தன் மகனை எங்கே அழைத்துச் செல்வான்? இக்கேள்விகளை எல்லாம் எழுப்பும் வண்ணம், எவரும் வழக்குத் தொடுக்கும் வரை காத்திராமல், இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விடயத்தை எடுத்துக்கொண்டது. தமிழக அரசு விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்றும், இத்தகைய இல்லங்கள் யாவும் கணக்கெடுக்கப்பட வேண்டும் என்றும் 2002இல் நீதிமன்றம் பணித்தது.

பின்னர் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், உளநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று விதித்தது. அதனினும் மேலாக, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி வழங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்றும் கூறியது. சட்டம் ஏட்டில் இருப்பதும் நாட்டில் நடப்பதும் ஒன்றல்ல என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் கருணையென்று கேட்டுக்கொண்டிருந்ததை உரிமையென்று கேட்க முடிந்தது பெரிய மாற்றம் அன்றோ?

ஏர்வாடியில் அரசின் குற்றம் கண்ணை மூடிக்கொண்டது. அரசே கையை நீட்டிச் செய்த குற்றத்துக்கு உதாரணம் தென்னாபிரிக்காவில் உண்டு. அந்நாட்டின் கௌட்டெங் மாகாண அரசு, செலவைக் குறைக்கும் எண்ணத்துடன், ‘லைஃப் எசிடிமெனி’ என்ற நிறுவனத்துடன் செய்திருந்த ஒப்பந்தத்தை 2015இல் முறித்துக்கொண்டது. அங்கிருந்த உளநோயாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை 2016இல் தகுதியற்ற தொண்டு இல்லங்களுக்கு வண்டிகளில் ஏற்றி அனுப்பியது. பசியாலும் தாகத்தாலும் குளிராலும் கவனிப்பின்மையாலும் 144 பேர் இறந்தனர். சுகாதாரக் குறைகேள் அதிகாரியான பேராசிரியர் மக்கோபா 2017இல் தம் அறிக்கையை வெளியிட்டார். ஓய்வுபெற்ற பிரதிப் பிரதம நீதியரசர் மொசெனெக்கே 2018 மார்ச் மாதத்தில் அளித்த தீர்ப்பில், முறையிட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றார். அத்தீர்ப்புக்கு முன்னர் நிகழ்ந்த விசாரணைதான் என் நெஞ்சைத் தொட்டது. அதிகாரம் செலுத்தியவர்கள் சாட்சிக் கூண்டில் அமர்ந்திருக்க, இறந்தவர்களின் தாய்மாரும் உடன்பிறந்தாரும் எதிரே அமர்ந்து அவர்களின் விடைகளைக் கேட்டனர். 2024இல் மரண விசாரணை நடத்திய நீதிபதி, முன்னாள் மாகாணச் சுகாதார அமைச்சரின் செயல்கள் சில மரணங்களுக்குக் காரணமாயின என்றும் கண்டறிந்தார். எட்டு ஆண்டுகள் சென்றன. எனினும் பொறுப்பு உரியவர் வாசலை அடைந்தது.

இனி நம் மலைகளுக்கு வருவோம்.

தோட்ட மக்களின் வாழ்வைப் பிணித்த இரண்டு பழைய சட்டங்கள் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவை. முதலாவது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். அக்காலம் கோப்பிக் காலம். இந்தியாவிலிருந்து வந்த கூலிமார் காட்டுப்பாதையிலும் லயத்திலும் மடிந்துகொண்டிருந்தமையால் அச்சட்டம் வேண்டியதாயிற்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் என்பது நாட்டின் பொதுமருத்துவத்திலிருந்து பிரிந்து, தோட்டத்தோடும் தோட்டத்துரையோடும் ஒட்டிய தனி ஏற்பாடாக அன்றே வேர்கொண்டது. இரண்டாவது 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமற்றோர் கட்டளைச் சட்டம். பிற்காலத்தில் அது உளநோய்க் கட்டளைச் சட்டம் என்று பெயர் மாறியது. ஆயினும் அதன் உள்ளுரு மாறவில்லை. நோயாளியை எவ்வாறு நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவது, எவ்வாறு அடைத்துவைப்பது என்பதே அச்சட்டத்தின் கவலை. அவருடைய ஊரில் அவருக்கு மருந்து கிடைக்கின்றதா என்பது அதன் கவலை அன்று.

முதற் சட்டம் தோட்டத்து மனிதனைப் பொதுமருத்துவத்திலிருந்து பிரித்தது. இரண்டாவது சட்டம் உளநோயாளியைப் பொதுவாழ்விலிருந்து பிரித்தது. தோட்டத்தில் வாழும் உளநோயாளி இரண்டு முறை பிரிக்கப்பட்டவர் ஆகின்றார்.

காலம் மாறவில்லையா என்று வாசகர் கேட்கலாம். மாறியிருக்கின்றது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தின் கீழ் வந்தன. வேறு பல தோட்டத்தோடேயே நின்றுவிட்டன. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. உளநலத் துறையிலும், 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர் 2005இல் தேசிய உளநலக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. அங்கொடை என்ற ஒரே இடத்தில் நாட்டின் துயரம் முழுவதையும் குவித்துவைக்காமல், மாவட்டந்தோறும் சேவையைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அக்கொள்கை கூறியது. புதிய சட்டம் வேண்டும் என்றும் கூறியது. ஆனால் 2020இல் அடுத்த பத்தாண்டுக்கான கொள்கை வகுக்கப்பட்டபோதும் அந்தப் புதிய சட்டம் நிறைவேறியிருக்கவில்லை.

இந்தச் சரித்திரம் ஒரு குடும்பத்தின் வாசலில் என்னவாக வந்து நிற்கும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தோட்டப் பாடசாலை ஆசிரியன் என்றால் அவன் ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பவனும் ஆவான். சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவளுடைய இளைய மகன் தூரத்து வைத்தியசாலை ஒன்றில் உளநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறி வீடு திரும்பியவன். மாதந்தோறும் மருந்துக்குப் போய்வர வேண்டும். துணைக்கு ஒருவர் போனால் வீட்டில் இருவருடைய பேர் போய்விடும்; பஸ் காசு வேறு. ஒரு மாதம் தவறியது. மறு மாதமும் தவறியது. தோட்டத்து மருந்துசாலையில் அந்த மருந்து இல்லை. ஆடி மழை இரவொன்றில் வெளியே போனவன், மறுநாள் ஆற்றில் கிடந்தான். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். நீரில் மூழ்கியமையால் மரணம் என்று எழுதினார். எழுதியது உண்மைதான்.

“நட்டஈடு கேக்கலைங்க ஐயா. எம் புள்ளைக்கு மருந்து ஏன் இங்கன கெடைக்கலன்னு கேட்டு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க” என்றாள் அவள்.

எழுத அமர்ந்தேன். அனுப்புநர் இடத்தில் அவள் பெயரையும் தோட்டத்துப் பிரிவையும் லயத்து இலக்கத்தையும் எழுதினேன். பெறுநர் இடத்தில் என்ன எழுதுவது? தோட்டத்து முகாமையாளருக்கு எழுதினால், சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை என்பார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணத்துக்குரியது; ஆகவே மாகாணத் திணைக்களத்துக்கு எழுதலாம். அவர்களோ, அந்த நோயாளி மத்திய அமைச்சின் கீழுள்ள வைத்தியசாலையின் நோயாளி என்பார்கள். அந்த வைத்தியசாலையைக் கேட்டால், நாங்கள் தேற்றித்தானே அனுப்பினோம் என்பார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் தனித்தனியே உண்மையாக இருக்கும். நான்கு உண்மைகளுக்கும் நடுவே ஒரு பிள்ளை இறந்துபோயிருந்தான். முடிவில் நால்வருக்கும் நான்கு பிரதிகள் அனுப்பினோம். கடிதம் கிடைத்தது என்று ஓரிடத்திலிருந்து பதில் வந்தது.

இதிலே சட்டத்தின் முரண்பாடு ஒன்றை வாசகர் நோக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 371ஆம் பிரிவு, பொலிசாரின் காவலிலோ சிறையிலோ உளநோய் வைத்தியசாலையிலோ ஒருவர் இறந்தால், உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், நீதவான் உடலைப் பார்வையிட்டு மரணத்தின் காரணத்தை விசாரிக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. நல்ல விதி. உளநோய் வைத்தியசாலையைச் சிறையுடன் சேர்த்து எண்ணியதில் பழைய காலத்து மனப்பான்மை தெரிந்தாலும், உள்ளே இருப்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர். எனவே அவர் மரணத்துக்கு அரசு கணக்குக் காட்ட வேண்டும் என்ற நீதி அதில் இருக்கின்றது. ஆனால் அந்த நீதி வைத்தியசாலையின் சுவரோடு நின்றுவிடுகின்றது. சுவருக்குள்ளே இறந்தவனுக்கு நீதவான் உண்டு. மருந்து வந்து சேராமல் லயத்தில் இறந்தவனுக்கு அவ்விசாரணை இல்லை. அடைத்துவைக்கும் சட்டத்துக்குப் பொருத்தமான விசாரணை அது. நோயாளரை ஊரிலேயே வைத்துப் பராமரிப்பதுதான் இன்றைய கொள்கையென்றால், விசாரணையும் அவரோடு ஊருக்கு வர வேண்டாமா?

மொழியின் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். காய்ச்சலை அளக்க மொழி வேண்டியதில்லை. எலும்பு முறிவைப் படம்பிடிக்கவும் வேண்டியதில்லை. உளநோயை அறிய நோயாளியின் பேச்சைத் தவிர வேறு கருவி பெரும்பாலும் இல்லை. “நெஞ்சு பொசுங்குது”, “தலைக்குள்ள யாரோ பேசுறாங்க” என்று சொல்பவளுடைய சொல், இடையில் நிற்கும் சிற்றூழியர் ஒருவர் வாய்வழியாக மாறி வைத்தியரைச் சென்றடையுமாயின், அங்கே சென்றடைவது நோயின் நிழல்தான். தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் அதே திருத்தம் கூறியது. ஆட்சிமொழி என்பது பெயர்ப்பலகைக்கு மட்டுமன்று. வைத்தியர் அறையில் நோயாளி தன் துயரைச் சொல்லும் நாற்காலிக்கும் உரியது.

இவ்வளவு காலம் நம்மவர் ஏன் கேட்கவில்லை என்று வெளியார் வினவுவதுண்டு. கேட்பவன் குடிமகனாக இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்வுக்கு வந்தது. உள்ளூர் ஆட்சியிலும் அப்படித்தான்: பிரதேச சபையின் பணம் தோட்டத்துக்குள் செலவாவதற்குத் தடையாயிருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக வாயில் மூடியிருந்தது. மூடிய வாயிலின் முன் நின்று பழகியவர்கள், அது திறந்த பின்னும் தட்டத் தயங்குவது இயல்பே.

அரசாங்கம் ஒன்றும் செய்ய இயலாது, இது விதி என்று சொல்வோருக்கும் ஒரு விடை உண்டு. அதுவும் நம் நாட்டிலேயே இருக்கின்றது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் தற்கொலை ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பரகுவாட்டும் 2008ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளில் விலக்கப்பட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கும் சட்டமும் 1998இல் நீங்கியது. இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இத்தடைகளால் 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கின்றனர். அரசின் கையொப்பம் உயிரைக் காக்க வல்லது என்றால், அக்கையொப்பம் இல்லாமையால் போகும் உயிருக்கும் அரசு கணக்குச் சொல்ல வேண்டும் அன்றோ?

நான் கேட்பது பெரிய மாளிகை அன்று. அரசின் உளநலச் சிகிச்சையில் பெயர் பதிந்த ஒருவர் எங்கே இறந்தாலும், சிகிச்சை எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று ஆராய்ந்து, குடும்பத்தாருக்கு அவர்கள் மொழியில் எழுத்தில் தெரிவிக்கும் கடமை சட்டத்தில் இடம்பெற வேண்டும். தோட்டப்பகுதிகளுக்கு அக்கடமையை ஏற்கும் அதிகாரி ஒருவர், பெயரோடும் பதவியோடும் குறிக்கப்பட வேண்டும். கொழும்பிலிருந்து திரும்பும் நோயாளியின் கிளினிக் கொப்பியைக் கண்டு, மருந்து தவறினால் லயத்துக்கு வந்து விசாரிக்கும் ஊழியர் ஒருவர் அருகிலுள்ள வைத்தியசாலையில் இருக்க வேண்டும். ஊழியர் ஒருவரைத் தண்டிப்பது மட்டும் பொறுப்பாகாது. இரவு பகலாக உழைக்கும் தாதியர் தலையில் பழியைப் போட்டு அமைச்சு கைகழுவினால், அதுவும் பொற்கொல்லன் கதையே.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. நம் அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்ற சொற்றொடர் நேராக இடம்பெறவில்லை. எனினும் காவலில் இறந்த ஒருவருடைய மனைவி தொடுத்த வழக்கில், 2003இல் உயர் நீதிமன்றம் அவ்வுரிமை அதனுள் அடங்கியிருக்கின்றது என்று கொண்டு, அவருக்கு வழக்காடும் உரிமையையும் ஏற்றது. ஆனால் அத்தகைய மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மகனைப் புதைத்த தாய்க்கு அந்த மாதம் எவ்வாறு கழியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனினும் எளிய வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். எந்தக் குடிமகனும் அரசாங்க அலுவலகம் ஒன்றின் தகவல் அதிகாரிக்குத் தமிழில் எழுதிக் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. எங்கள் பகுதி வைத்தியசாலையில் உளநல கிளினிக் எத்தனை நாள் நடந்தது, இன்ன மருந்து எத்தனை நாள் இல்லாதிருந்தது, தமிழ் பேசும் ஊழியர் எத்தனை பேர் என்று கேட்கலாம். ஒருவர் இறந்த பின்னர் மட்டுமன்றி, இறக்குமுன்னரும் கேட்கலாம். நோயுற்றவருக்கோ வீட்டாருக்கோ உடனே பேச ஒருவர் வேண்டுமெனில், தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கின்றது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இது ஒன்றே. கண்ணகியின் வழக்கைப் பரீட்சைக்காகப் படிக்கிறோம். பட்டிமன்றத்தில் பேசிக் கைதட்டலும் பெறுகிறோம். ஆண்டுக்கொரு முறையேனும், நம் இலக்கிய வட்டங்கள் ஓர் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, அருகிலுள்ள தோட்டத்துக்குச் சென்று, எழுதத் தெரியாதவர்களுக்காக அந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்போமாக. பெறுநர் என்ற இடத்தில் தகவல் அதிகாரி என்று எழுதலாம். சட்டம் அந்த ஒரு பெயரையேனும் நமக்குத் தந்திருக்கின்றது. ஒரே கேள்வி பத்துத் தோட்டங்களிலிருந்து பத்து முறை சென்றால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்பதை அலுவலகங்களே தமக்குள் முடிவுசெய்துகொள்ள நேரிடும்.